முதல் பக்கம் பேசவில்லை

மேசையில் தேநீர் வந்தால் அழகியநம்பி உடனே கையை நீட்டமாட்டான். முதலில் வலது கையை மேசை விளிம்பில் போடுவான், ஓய்வாக உட்கார்ந்திருப்பவனைப்போல. பேச்சு நடந்துகொண்டிருக்கும். கை மெல்ல உள்ளே நகரும். உள்ளங்கை அல்ல, புறங்கை. சுண்டுவிரலின் வெளிப்பக்கம் மேசையைத் துடைப்பதுபோல ஓர் அரைவட்டம் போடும். கிளாசின் சூடு தோலுக்கு எட்டியதும் அங்கேயே நின்றுவிடும். அப்போதும் எடுக்கமாட்டான். எதிரில் இருப்பவருக்கு ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்து, அந்தப் பதிலின் நடுவில், திடீரென்று ஞாபகம் வந்தவன்போல எடுத்து ஒரு வாய் குடிப்பான். அவன் தேடினான் என்பதே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கிளாஸ் எங்கே இருக்கிறது என்று அவன் யாரிடமும் கேட்டதில்லை.

பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. கல்லூரியில் படிக்கும்போது முதலில் இரவு போயிற்று. பிறகு பக்கவாட்டுகள். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் பாலில் கரைந்ததுபோல ஆனபோது அவன் நல்ல புரோகிராமர் என்று பெயரெடுத்திருந்தான். திரையில் உள்ள எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருளை எல்லாரும்போல நிதானமாக அல்ல, அதிவேகத்தில் ஓடவிட்டுக் கேட்பான். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடுகு வெடிப்பதுபோல இருக்கும். அவனுக்கு அது வரிவரியாகப் புரோகிராம் கோடு.

ஆரியசாலையில் அவன் வீட்டாருக்கு வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். அண்ணன் உச்சிமாகாளி பார்த்துக்கொள்கிறான். கெட்டவன் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே பாட்டு.

"எதுக்குடே தெனமும் பஸ்ஸுலே முட்டி மோதிட்டுப் போறே? கடையிலே ஒரு சேர் போட்டுத் தாறேன். போன் அடிச்சா எடு. வெலையைச் சொல்லு. அதுக்குக் கண்ணு வேண்டாம், கேட்டியா?"

அந்த நாற்காலி கடையில் எங்கே போடப்படும் என்பதுகூட நம்பிக்குத் தெரியும். கல்லாவுக்கும் மூட்டை அடுக்குக்கும் நடுவில், தூண் ஓரம். அதில் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க முடியாது என்றும் தெரியும்.

கம்பெனியில் ஒரு தடவை அடி பட்டிருந்தான். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலை. அவர்களுடைய திரை இங்கே வெறும் படமாகத்தான் வந்து சேரும். வாசிக்கும் மென்பொருளுக்குப் படத்தில் ஓர் எழுத்தும் கிடைக்காது. நம்பியின் பங்கு தேங்கியது. மற்றவர்கள் அதையும் சேர்த்து இழுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவனுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அதற்கப்புறம் மேலாளர் ஹரிகுமார் அவனைப் பார்வையற்றவர்களுக்கான மென்பொருள் செய்யும் சிறிய குழுவுக்கு மாற்றினார். ஒப்பந்த வேலை, மார்ச் வரைக்கும்.

"நம்பி, ஒரு நல்ல சாம்பிள் காணிச்சுக் கொடு. கிளையன்ட் ஓகே பறஞ்சா நீ இவிடெ பெர்மனென்ட். இல்லெங்கில் என் கையில ஒண்ணும் இல்லா."

அந்தச் சாம்பிள்தான் விளையாட்டு. திரையே தேவைப்படாத, முழுக்கச் சத்தத்தில் நடக்கும் விளையாட்டு. யோசனை நம்பியுடையது. ஆட்டக்காரன் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். கையில் ஒரு மிளகாய் மூட்டையின் சாம்பிள் பொட்டலம். சாலைக் கடைத்தெரு வழியாக ஆரியசாலையில் ஒரு கடைக்குப் போய்ச் சேரவேண்டும். வழி சொல்ல யாரும் இல்லை. பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் விடாமல் உடைகிற தேங்காய்ச் சத்தம்தான் திசை. அது முதுகுக்குப் பின்னால் கேட்டால் சரியான வழி. பக்கத்தில் கேட்டால் எங்கேயோ திரும்பிவிட்டாய். நடுவில் ஆட்டோக்கள், தலைச்சுமைக்காரர்களின் அதட்டல், தராசுத் தட்டு விழும் ஓசை, பாதி இறங்கிய ஷட்டர். எல்லாவற்றையும் நம்பியே நடந்து நடந்து போனில் பதிவு செய்து வைத்திருந்தான்.

எந்தப் புரோகிராம் மொழியில், எந்த மென்பொருளில் செய்வது என்ற பேச்சு கேம்பஸ் வாசலுக்கு வெளியே, ஹைவே ஓரத் தேநீர்க் கடையில் நடந்தது. மூன்று பேர். நம்பி; பக்கத்து இருக்கைக்காரன் சுமந்த், கரமனை அக்ரஹாரத்துப் பையன்; சத்தங்களை வெட்டி ஒட்டும் ரேஷ்மி.

"பைதான்ல பண்ணினா எல்லாம் எழுத்துதான். நீயும் எழுதலாம், நானும் எழுதலாம். அது ஒரு சௌகரியம்," என்றான் சுமந்த். "ஆனா சுவத்துக்கு அந்தப் பக்கம் போற ஆட்டோ அமுங்கிக் கேக்கணுமோல்லியோ, அதையெல்லாம் நாமளே உக்காந்து எழுதணும். பெரிய கேம் எஞ்சின்ல அது சும்மா வரது. சுவத்தை இழுத்து வச்சாப் போறும், சத்தம் தானா மடங்கும்."

"இழுத்து வைக்கணும்," என்றான் நம்பி.

"ஆமா."

"மவுஸால."

"ஆமா, மவுஸாலதான்."

ரேஷ்மி தேநீரை ஊதுவதை நிறுத்தினாள். "அப்போ நம்பிச்சேட்டன் என்ன செய்யும்?"

"கோடு எழுதற பார்ட் தனியா இருக்கே. அதை இவன் பார்த்துப்பான். சீன் போடறது மட்டும் நான். ஹரி சார் வேற ஸ்க்ரீன்ல ஏதாவது தெரியணும்ங்கறார்."

"சத்தம் மட்டும் உள்ள கேம்ல என்னத்தைத் தெரியணுமாம்?" என்றாள்.

"மேப் தெரியணுமாம். ஆள் எங்க நடக்கறான்னு ஒரு புள்ளி நகரணுமாம். கிளையன்ட் கையைக் கட்டிண்டு இருட்டைப் பார்த்துண்டு உக்காருவாரா?"

இருவரும் சிரித்தார்கள். நம்பியும் சிரித்தான். முந்தின ஞாயிறு அவன் அந்த எஞ்சினைத் தன் மடிக்கணினியில் இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் தடவிப் பார்த்திருந்தான். எந்தப் பொத்தானுக்குப் போனாலும் வாசிக்கும் குரல் இரண்டே வார்த்தைதான் சொல்லிற்று. "பேன்." இன்னொரு தட்டு. "பேன்." இன்னொன்று. "அன்னோன்." வெறும் கட்டம், இல்லையென்றால் பெயர் தெரியாதது. எழுதின கோடைக்கூட அங்கே எந்தப் பொருளோடு சேர்க்கவேண்டுமோ அதன்மேல் மவுஸால் இழுத்துப் போட்டால்தான் உயிர் வரும். அவன் எழுதலாம். எழுதினது யாராவது எடுத்து மாட்டும்வரை கொடியில் காயும்.

"உனக்கு ஓகேதானே? வேண்டாம்னா இப்பவே சொல்லு, பைதானுக்கே போயிடலாம்," என்றான் சுமந்த்.

குரலில் பொய் இல்லை. கேட்டிருந்தால் மாற்றியிருப்பான். ஆனால் நம்பிக்குக் கேட்டது வேறு: இவனால் மறுபடியும் தாமதம், இவனுக்காக மறுபடியும் ஒரு பழைய வழி. ஹைவேயில் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தான்.

"எனக்கென்ன மக்கா? எது சீக்கிரம் முடியுமோ அதை எடு."

முதல் வாரம் கோடு எழுதினான். சுமந்த் அதை எடுத்து மாட்டினான். இரண்டாம் வாரம் மாட்டும்போது ஏதோ உதைத்தது. நம்பியைக் கூப்பிட்டு விளக்கிக்கொண்டிருப்பதைவிடத் தானே திருத்துவது சுலபம் என்று சுமந்த் திருத்தினான். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் புரோகிராமரும் அதைத்தான் செய்வான். கொஞ்ச நாளில் எழுதுவதும் அவனே என்று ஆகிவிட்டது. நம்பிக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. டெஸ்டர். விளையாட்டு ஓரளவு தயாரானதும் சுமந்த் அதை அனுப்புவான். நம்பி வீட்டில் வைத்து விளையாடிப் பார்த்து, எப்படி இருந்தது என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லவேண்டும்.

"உன்னைவிட்டா யாருடா இதுக்கு இருக்கா?" என்றான் சுமந்த். பாராட்டாகத்தான் சொன்னான்.

விளையாட்டு வந்தது. நம்பி திறந்தான். காதில் ஒன்றும் இல்லை. வாசிக்கும் குரல் "விண்டோ" என்றது, அவ்வளவுதான். முதல் பக்கத்தில் 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம், அது படம். குரல் வாசிக்க அந்தப் படத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அம்புக்குறிகளைத் தட்டினான், என்டர் தட்டினான், டேப் தட்டினான். மூடினான். திறந்தான். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் அந்தப் பக்கத்துக்கு அப்பால் எங்கேயோ இரைந்துகொண்டிருந்தது. இவன் வாசலிலேயே நின்றான்.

அண்ணி ஸ்ரீலட்சுமியை ஒரு தடவை கூப்பிட்டான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"எங்க அமுக்கணும்? படமால்லா கெடக்கு, எல்லாம் பச்சையா."

"தொடங்குன்னு எழுதியிருக்கும் அண்ணி."

"எழுத்து ஒண்ணுமில்லியே... இந்த முக்கோணமா?" எதையோ அமுக்கினாள். எல்லாம் மூடிக்கொண்டது. "அய்யோ, போச்சே."

பின்னால் அண்ணன் வந்து நின்றிருந்தான். மிளகாய் நெடி முதலில் வந்தது, பிறகு குரல்.

"கண்ணு தெரியாதவனுக்குள்ள வெளையாட்டுன்னு சொன்னே? இதையும் ஒரு ஆள் அமுக்கித் தரணுமாடே?"

அண்ணி "சும்மா இருங்க" என்றாள். அம்மா பொன்னம்மை அடுக்களையிலிருந்து, "அவன் வேலையைப் பத்தி ஒனக்கென்னலே தெரியும்?" என்று சத்தம் போட்டாள். நம்பி மடிக்கணினியை மூடிவைத்தான். அதற்குப் பிறகு வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை சுமந்த் கேட்டான். "எப்படிடா இருந்தது?"

பொத்தான் பேசவில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நம்பி வாயைத் திறந்தான். வந்தது இது:

"நல்லாருக்குடே. தேங்காய்ச் சத்தம் மட்டும் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலா இருக்கு."

எந்தச் சத்தமும் எந்தப் பக்கமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கக்கூடியதுதான். பொய்யென்று யாரும் பிடிக்க முடியாது.

"அப்படியா? குறைச்சுடறேன்," என்றான் சுமந்த்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "இப்பொ சரியாருக்கு" என்றான் நம்பி.

பிறகு அது ஒரு வேலையாகவே ஆயிற்று. சுமந்த் பேச்சுவாக்கில் என்னென்ன சேர்த்தான் என்று சொல்வதைக் கவனமாகக் கேட்டுவைத்துக்கொள்வான். வீட்டுக்கு வந்து, தான் பதிவு செய்த சத்தங்களைத் தனியாகப் போட்டு, அந்தத் தெருவில் மனதுக்குள்ளேயே நடப்பான். பாத்திரக் கடை தாண்டினதும் தெரு மடங்குகிறதே, அங்கே சத்தம் சட்டென்று செத்துப் பிறகு வேறு மாதிரி எழும்பவேண்டும் என்று தோன்றும். அதை மெசேஜில் சொல்வான். விளையாடியவன் சொல்வதைவிடவும் நன்றாக இருக்கும் அது. ஹரிகுமார் அந்த மெசேஜ்களைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார். "இதுதான் ஃபீட்பேக். கண்டு படிக்கு, எல்லாரும் கத்துக்கணும்" என்று மற்றவர்களிடம் சொன்னார். நம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பாராட்டும் அந்தப் பக்கத்தின்மேல் இன்னொரு பூட்டு. இப்போது போய், நான் இதுவரை உள்ளேயே போகவில்லை என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரிக் கடைசியில் காட்டும் நாள் வந்தது. வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு பேர். சுவரில் பெரிய திரை, திரையில் வரைபடம், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சுமந்த் விளையாடிக் காட்டினான். புள்ளி ஆரியசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண்குரல்.

"ஞான் ஒந்நு நோக்கட்டே?" தானும் ஒரு தடவை ஆடிப் பார்க்கவேண்டுமாம்.

ஜெஸ்லின். பார்வையற்ற குழந்தைகளுக்குப் பாடம் நடத்துபவள். அவளுக்கும் பார்வை இல்லை. இந்த மாதிரி விளையாட்டுகளை வருடக்கணக்காக ஆடுகிறவள் என்று வாடிக்கையாளர்களே கூட்டி வந்திருந்தார்கள். தன் மடிக்கணினியில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள். தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி தட்டும் சத்தம்.

"இது ஒண்ணும் பறயணில்லல்லோ." அவள் மெஷினிலும் முதல் பக்கம் பேசவில்லை.

சுமந்த் ஓடிப்போய், "ஒரு கிளிக் மேடம்," என்று மவுஸை அமுக்கினான். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் எழும்பியது.

ஜெஸ்லின் ஹெட்போனைக் கழற்றினாள். "மோனே, ஓரோ தடவையும் நீ என்டெ வீட்டில் வந்நு கிளிக் செய்யுமோ?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஹரிகுமார் தொண்டையைச் செருமினார். "நம்பிதான் டெஸ்ட் செய்தது. இத்தனை வாரமும். நம்பி, உனக்கு இது எப்படி ஒர்க் ஆச்சு?"

அறை முழுக்க இவன் பக்கம் திரும்பியதை நம்பியால் தோலில் உணர முடிந்தது. புரோகிராமர்கள் மாட்டிக்கொள்ளும்போது சொல்லும் ஒரே ஒரு வாக்கியம் உண்டு. அவன் வாழ்நாளில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுக் கேலி செய்திருக்கிறான். அதுவே வாயில் வந்தது.

"என் மெஷின்ல ஓடுது சார்."

"அது போதும். அதில காணிச்சுக் கொடு."

அவன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, பெரிய திரையோடு இணைத்து முன்னால் வைத்து, ஹெட்போனைக் கொடுத்தார்கள். திறந்தான். "விண்டோ," என்றது குரல். விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. அறையில் ஏசியின் முனகல் மட்டும். அப்போது அவனுடைய கைக்கு அருகில் இன்னொரு கை வந்தது. சத்தம் வராமல், மெல்ல, டச்பேடில் ஒரு தட்டு. சுமந்த்.

தேங்காய் உடைந்தது.

அவன் பதிவு செய்த சத்தம்தான். ஆனால் இப்படிக் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால், நிஜமாகவே பின்னால், ஓடு சிதறி ஈரத்தரையில் உருண்டது. ஒரு கணம் அவனுக்குச் சபை மறந்தே போயிற்று. நடந்தான். இடது பக்கம் தராசு. வலது பக்கம் ஷட்டர். பாத்திரக் கடையின் கணகணப்பு நெருங்கி, கடந்து, பின்னால் போயிற்று. தெரு மடங்கும் இடம் இது. பிறந்ததிலிருந்து கால் அறிந்த இடம். திரும்பினான்.

டொம்.

சுவர். கொஞ்சம் முன்னால் போய்த் திரும்பினான். டொம். பின்னால் வந்தான். டொம். சுமந்த் தெருவை மேப்பைப் பார்த்து மவுஸால் நேராக இழுத்திருந்தான். அந்த மடக்கை நம்பி மெசேஜில் சொல்லியிருந்தான். எல்லாவற்றையும் மறுபடி இழுத்து வைக்கவேண்டும் என்று விட்டுவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு தடவையாவது நடந்தவனுக்கு விளையாட்டில் இந்தத் தெரு நேர் என்று தெரிந்திருக்கும். பெரிய திரையில் சிவப்புப் புள்ளி சுவரில் மோதிக்கொண்டிருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். டொம். டொம். அவன் நிறுத்தவில்லை. எங்கேயாவது வழி இருக்கும் என்று தட்டிக்கொண்டேயிருந்தான். கடைசியில் ரேஷ்மிதான் வந்து மூடியை இறக்கினாள்.

ஹரிகுமார் திட்டவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமாயிருந்தது, நம்பி," என்றார். வாடிக்கையாளர் பதிலே அனுப்பவில்லை. மார்ச்சில் நம்பியின் ஒப்பந்தம் முடிந்தது. சுமந்த் கீழே ஆட்டோ வரைக்கும் கூட வந்தான். பையை மடியில் வைத்துக்கொடுத்தான். "பார்க்கலாம்டா" என்றான். நம்பி, "ஆங்" என்றான்.

நாற்காலி தூண் ஓரத்தில்தான் போடப்பட்டிருந்தது. போன் அடித்தால் எடுக்கிறான். குண்டூர் மிளகாய் இன்ன விலை, சம்பா இன்ன விலை. உச்சிமாகாளி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மத்தியானம் அவனே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து தம்பி கைக்கருகில் நகர்த்தி வைக்கிறான். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. சுமைக்காரர்கள் உள்ளே வரும்போது "நம்பியண்ணாச்சி, காலை மடக்கு" என்கிறார்கள். மடக்கிக்கொள்கிறான். மடிக்கணினி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

ஓணத்துக்கு முந்தின வாரம் ரேஷ்மி கடைக்கு வந்தாள். அக்கா கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்தாளாம். தும்மித் தும்மிச் சிரித்தாள். "இந்த நெடியில எப்படி இருக்கீங்க சேட்டா?"

"பழகிப்போச்சு. நீ எப்பிடி இருக்கே?"

அவளும் அந்த வேலையை விட்டுவிட்டாள். கொஞ்சம் அவரைப் பற்றி இவரைப் பற்றிப் பேசினாள். உச்சிமாகாளி மல்லியை நிறுக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு காரியம் சொல்லாம இருக்க முடியல. எனக்கு அந்த ஃபர்ஸ்ட் பேஜ் பேசாதுன்னு தொடக்கத்துலயே தெரியும். என் மெஷின்ல வாசிக்கிற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். நேரா சுமந்த்கிட்ட போய்ச் சொன்னேன்."

போன் அடித்தது. நம்பி எடுக்கவில்லை.

"அவன் என்ன சொன்னான்?"

சுமந்துக்கு அது முன்பே தெரிந்திருந்தது, நம்பி உள்ளேயே போகவில்லை என்பதும் தெரிந்திருந்தது என்றாள் அவள். முதல் வெள்ளிக்கிழமை, தேங்காய்ச் சத்தம் வலது பக்கம் கூடுதல் என்று நம்பி சொன்னபோதே தெரிந்துவிட்டதாம். அந்த முதல் பதிப்பில் அவன் தேங்காய்ச் சத்தத்தைச் சேர்க்கவே இல்லை. முதல் பக்கத்தைப் பேசவைப்பது ஒரு மத்தியான வேலை. அதை எழுதித் தன் மெஷினில் தயாராகவும் வைத்திருந்தான். நம்பி வாயைத் திறந்து கேட்கட்டும், தானாகப் போய்க் கொடுத்தால் அவனுக்கு அவமானமாக இருக்கும் என்று, கிளையன்டுக்குக் காட்டும் நாள்வரை காத்திருந்தானாம்.